பந்தியில் யாருக்கு எப்போது இடம்?

சொகுசுக் கப்பல்களில் இரவு உணவை இரண்டு பந்திகளாகப் பரிமாறுவது பழைய ஏற்பாடு. ஆறு மணியை ஒட்டி ஒன்று, எட்டரையை ஒட்டி மற்றொன்று. பயணத்துக்குப் பதியும்போதே விருப்பத்தைச் சொல்லிவிடலாம். இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியல்.

வாழப்பாடிக் கல்யாண மண்டபங்களில் இப்படிக் கேட்பாருமில்லை, பதிவாருமில்லை. ஆத்தூர்ப் பேருந்தைப் பிடிக்கவேண்டியவர், உண்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்க்கிறார். பந்திக்கு முந்தச் சொன்ன பழமொழி, இலையில் இருப்பவரின் கூச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பந்தி நம்மிடம் வெறும் நேரப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவிட்டதை எதிர்த்து முன்னின்றவர்களில் ஒருவர் ராசிபுரத்தில் பிறந்த வரதராஜுலு நாயுடு. அந்தச் சச்சரவு 1925 வரை காங்கிரசையே உலுக்கியது. யாரோடு உண்பது என்பது அன்றைய கேள்வி. ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் நடக்கும் பொதுவிருந்து அதற்கொரு பதில். ஆண்டில் ஓரிரு நாள் பதில்தான்.

யார் எப்போது உண்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. முதல் பந்தியை முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தொலைதூரம் செல்வோருக்கும் ஒதுக்கி, அழைப்பிதழிலேயே அச்சிடலாம். பங்காளிகள் பொறுப்பார்கள், பொறுக்காவிட்டாலும் பாதகமில்லை. மேளக்காரர்களுக்கும் இலை எடுக்கும் பெண்களுக்கும் இன்ன பந்தி என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். ‘எல்லாரும் சாப்பிட்ட பிறகு’ என்பது ஒரு நேரமல்ல. அப்போது பெரும்பாலும் பாயசமும் இருப்பதில்லை.