காலி செய்து தரப்படும்

பன்முகம் என்ற சொல் நம் சிறுபத்திரிகைகளில் படும் பாடு போதாதென்று இப்போது வீட்டுத் தரகர்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்ட்-ஸ்டைவஸன்ட் என்கிற பேட்டையில், மூன்று குடித்தனங்கள் கொண்ட வரிசைவீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தை எனக்கு அனுப்பியவர் அங்கு குடியேறிவிட்ட ஒரு தமிழ்க் கவிஞர். வாங்க உத்தேசம். கூடவே நீண்ட கடிதம்: பல இனமும் பல மொழியும் கலந்து புழங்கும் தெரு, இப்படிப்பட்ட இடத்தில்தான் நவீன கவிதை சாத்தியம், இத்யாதி. விளம்பரமும் அதையேதான் சொல்கிறது, கவிஞரை விடச் சிக்கனமாக. பழுப்புக் கல் முகப்பு, பக்கத்தில் சுரங்க ரயில், புதிய சமையலறை, பன்முகச் சூழல். அடுத்த வரி: வீடு காலி செய்து தரப்படும்.

கவிஞர் இந்த வரியைப் படித்ததாகவே தெரியவில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. எந்தப் பத்திரத்தையும் கடைசி வரியிலிருந்து படித்துப் பழகியவன். காலி செய்யப்படப்போவது யார்? மேல் மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள். அந்தப் பன்முகத்தின் முகங்கள் அவர்கள்தானே! முகங்களை வெளியேற்றிவிட்டுப் பன்முகத்தை மட்டும் சமையலறையோடு சேர்த்து விற்கிற சாமர்த்தியத்தை நம் படிமக் கவிஞர்களிடம்கூட நான் கண்டதில்லை.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வசதியான குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டு, பிறகு மாடிமாடியாகவும் அறையறையாகவும் பிரித்து வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் இவை. நம் பாஷையில் ஒண்டுக்குடித்தனம். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை நான்கு வர்ணங்களில் தரம் பிரித்து வரைபடம் போட்டது. இந்தப் பேட்டைக்குக் கிடைத்தது சிவப்பு, அதாவது கடைசித் தரம். மதிப்பீட்டுப் படிவத்தில் அயல்நாட்டில் பிறந்தவர் எத்தனை சதவீதம், நீக்ரோக்கள் எத்தனை சதவீதம், புதிதாக ஊடுருவுகிறவர் யார் என்று தனித்தனியாக இடம் விட்டிருந்தார்கள். ஜனங்கள் கலந்திருப்பது அன்று மதிப்பைக் குறைக்கும் காரணம். வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனபேதம் பார்ப்பதை 1968இல் சட்டம் தடுத்தது. டெபாசிட் வாங்குகிற வட்டாரத்தில் கடனும் கொடு என்று வங்கிகளை 1977இல் இன்னொரு சட்டம் நிர்ப்பந்தித்தது. இன்று அதே கலப்பு விலையை ஏற்றும் காரணம். கழித்தல் குறி கூட்டல் குறியாகிவிட்டது, அவ்வளவுதான். ஏற்றிய விலையைக் கொடுக்க யாரால் முடிந்தது என்பதை ஜனத்தொகைக் கணக்கு சொல்கிறது: 2010க்கும் 2020க்கும் இடையில் இந்தப் பேட்டையில் கறுப்பர்கள் 20,000க்கு மேல் குறைந்தார்கள்; வெள்ளையர்கள் அதைவிட அதிகமாகக் கூடினார்கள்.

கவிஞர் தவணைக் கணக்கையும் இணைத்திருந்தார். மேல் மாடிகளின் வாடகையில் ஒரு பகுதியை வாங்குகிறவரின் வருமானமாகக் கடன் கொடுப்பவர்கள் ஏற்றுக்கொள்வது அங்கு வழக்கம். அவர் எழுதியிருப்பது இன்று வரும் வாடகை அல்ல; புதிதாக வருகிறவர்கள் தரப்போகும் வாடகை. ஆக, காலி செய்வது அவர் கண்ணுக்குத் தப்பிய வரி என்றும் சொல்ல முடியவில்லை. கணக்கு அதன் மேல்தான் நிற்கிறது.

இதெல்லாம் சமூகவியல், இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று நம் வட்டத்தில் ஒரு முனகல் எழும். வீடு, வாடகை, வட்டி என்றாலே மளிகைக்கடை வாசனை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் சுத்தக் கலை ஆசாமிகளுக்கு ஒரு நாவலைச் சொல்கிறேன். பால் மார்ஷல் 1959இல் எழுதிய 'பிரௌன் கேர்ள், பிரௌன்ஸ்டோன்ஸ்'. பார்படோஸிலிருந்து வந்த பெற்றோருக்குப் புரூக்ளினில் பிறந்தவர் அவர். நாவல் இதே மாதிரி ஒரு வீட்டைப் பற்றியது. தாய் சில்லாவுக்கு அந்த வீட்டை வாங்கிவிட வேண்டும். அதற்காகக் கணவனின் ஊர் நிலத்தை அவனுக்குத் தெரியாமல் விற்கிறாள். மேல்மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வெள்ளைக்காரக் கிழவியும், வாரக்கடைசிகளில் ஆண்களோடு சிரித்துப் பொழுதைக் கழிக்கும் சகியும் அவள் வழியில் நிற்கிறார்கள். கூடுதல் வாடகைக்கு ஆள் வைக்க வேண்டுமே. சகி வெளியேற்றப்படுகிறாள், கிழவி சில்லாவின் வசவிலேயே செத்துப்போகிறாள்.

மார்ஷல் சில்லாவை ராக்ஷஸியாக்கவில்லை. வெள்ளைக்காரர் வீட்டுத் தரையைத் தேய்த்தவளுக்குச் சொந்த வீடு என்றால் என்ன என்பதை நம் எலும்பு வரை இறக்கிவிடுகிறார். அதே கையோடு அந்த வீட்டுக்கு மற்றவர்கள் கொடுத்த விலையையும் வைக்கிறார். மகள் ஸெலீனா இரண்டையும் பார்த்துக்கொண்டு வளர்கிறாள். நம் கவிஞரின் கடிதத்தில் மேல்மாடியில் யார் இருக்கிறார்கள் என்பதே இல்லை. அவர்களுடைய பெயர் வேண்டாம், என்ன சமைக்கிறார்கள் என்றாவது ஒரு வரி? பன்முகம் என்ற ஒற்றைச் சொல் அந்த வேலையைச் செய்துவிட்டது. அனுபவத்தைக் கிட்டே வரவிடாமல் தடுக்கத்தான் நாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சொற்களை இறக்குமதி செய்கிறோம்.

அவர் வீடு வாங்கக்கூடாது என்பதல்ல என் கட்சி. தாராளமாக வாங்கட்டும். விற்கிறவர் நாற்பது வருஷம் அந்த வீட்டைக் கட்டிக் காத்த கறுப்பராக இருந்தால் நல்ல விலை அவருக்கும் நியாயம்தான். சட்டமும் குறுக்கே நிற்காது. ஆறு குடித்தனத்துக்குக் குறைந்த கட்டிடங்களுக்கு நியூயார்க்கின் வாடகைக் கட்டுப்பாடு பெரும்பாலும் பொருந்துவதில்லை. தகுந்த காரணமின்றி வெளியேற்றக்கூடாது என்று 2024இல் வந்த சட்டத்திலும் பத்துக் குடித்தனங்களுக்கு மேல் இல்லாத சிறு சொந்தக்காரர்களுக்கு விலக்கு உண்டு. நம் கவிஞர் அந்த ஜாபிதாவில் சேர்த்தி.