பொறுமையே முதல் கருவி

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், என் அண்டை வீட்டு மாணவன் ஒருவன் சொந்தமாக ஒரு கணினியை உருவாக்கினான். நான்காம் படிவத்தில் பயின்ற அவன், தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தையும் கைச்செலவுப் பணத்தையும் ஈராண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தான். பற்றாத தொகையை அவன் தந்தை மிகைநேர வேலை செய்து கொடுத்தார். கோலாலம்பூரில் உள்ள லோ யாட் பிளாசாவில் பாகங்களை வாங்கி வந்து, வரவேற்பறை மேசையில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பொருத்தினான். இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தார் சூழ்ந்து நிற்க, விசையை அழுத்தினான். காற்றாடிகள் சுழன்றன, விளக்குகள் ஒளிர்ந்தன. திரை மட்டும் இருண்டே கிடந்தது.

பதற்றத்தில் அவன் கைக்கு எட்டிய கம்பிகளையெல்லாம் பிடுங்கி மீண்டும் செருகினான். பத்து மணிக்குக் காற்றாடியும் சுழலவில்லை. “உழைத்த பணமெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகிவிட்டதே!” என்று தந்தை வருந்தினார். கணினியின் தாய்ப்பலகை பழுது என்று சொல்லி, மறுநாளே அதைக் கடையில் திருப்பிக் கொடுப்பதென மகன் முடிவு செய்தான். உண்மையில் தாய்ப்பலகையில் எந்தக் குறையும் இல்லை.

வீட்டில் உருவாக்கிய கணினி முதல் முயற்சியில் இயங்காமல் போவது அரிதன்று. புதிய பாகம் பழுதாக இருப்பதைவிட, அது சரியாகப் பொருந்தாமல் இருப்பதே பெரும்பாலும் காரணமாக அமைகிறது. அந்த நேரத்தில் கடைக்கு ஓடுவதற்கு முன், மாணவர்கள் தாங்களே வரிசையாகக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது என் கருத்தாகும்.

முதலில், ‘கணினி இயங்கவில்லை’ என்று பொதுவாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். அது எந்தக் கட்டத்தில் நின்றது என்று கேட்க வேண்டும். விசையை அழுத்தியும் எந்த அசைவும் இல்லையா? காற்றாடி சுழன்றும் திரையில் எதுவும் தோன்றவில்லையா? திரையில் எழுத்துகள் தோன்றியும் இயங்குதளம் தொடங்கவில்லையா? இவை மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள்.

எந்த அசைவும் இல்லையென்றால், மின்சாரம் வரும் வழியைப் பின்தொடர வேண்டும். சுவரில் உள்ள விசை, மின்வழங்கியின் பின்புறமுள்ள சிறிய விசை, தாய்ப்பலகையில் செருகும் 24 முனைக் கம்பி, பெட்டியின் முன்புற விசையிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அந்த மெல்லிய கம்பி ஓர் ஊசி இடம் மாறினாலும் விசை வேலை செய்யாது.

காற்றாடி சுழன்றும் திரை இருண்டிருந்தால், வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில், திரையின் கம்பியை அந்த அட்டையில்தான் செருக வேண்டும். பலர் தாய்ப்பலகையில் செருகிவிடுகின்றனர். மையச் செயலகத்திற்கு மின்சாரம் தரும் தனிக் கம்பி ஒன்று உண்டு. பெரும்பாலும் எட்டு முனைகள் கொண்ட அதனை மறந்துவிட்டாலும் காற்றாடிகள் சுழலக்கூடும். ரேம் எனப்படும் நினைவகம் இரு முனைகளிலும் முழுமையாக அமர வேண்டும். பார்வைக்குப் பொருந்தியதுபோல் தோன்றினாலும், ஒரு முனை சற்றே உயர்ந்திருந்தால் கணினி தொடங்காது. சில புதிய வகை நினைவகங்களுக்கு முதல் தொடக்கம் சில நிமிடங்கள்கூட எடுக்கும் என்பதால், காத்திருப்பதும் சோதனையின் ஒரு பகுதியே.

கணினி தன் குறையைத் தானே சொல்வதும் உண்டு. மின்சாரம் கிடைத்தவுடன் அது தன் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்கிறது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியிலேயே இந்த வசதி இருந்தது. குறை இருந்தால் சில தாய்ப்பலகைகள் ‘பீப்’ ஒலி எழுப்பும். சிலவற்றில் சிறு விளக்கு எரிந்து, குறை செயலகத்திலா, நினைவகத்திலா, கிராபிக்ஸ் அட்டையிலா என்று காட்டும். அவற்றின் பொருள் தாய்ப்பலகையுடன் வரும் கையேட்டில் இருக்கிறது. அதனைப் படிக்காமல் ஒதுக்கி வைப்பதே நாம் செய்யும் முதல் தவறு.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றிப் படித்தோம். ஒரு பரிசோதனையில் ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்தால்தான் விளைவின் காரணம் தெரியும். அந்த மாணவன் அன்றிரவு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால், ஒரு சிக்கல் இரண்டாகியது. திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்கிறார். நோய் இன்னதென்று அறியும் முன்பே தாய்ப்பலகையை மாற்ற நினைப்பது இதற்கு நேர்மாறானது.

“கடையில் கொடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், படிக்க வேண்டிய பிள்ளை ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்?” என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். மின்சாரத்தோடு விளையாடலாமா என்ற அச்சமும் நியாயமானதே. ஆகையால், எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாகத்தைத் தொடுவதற்கு முன்பும் சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்ற வேண்டும். மின்வழங்கியின் உறையை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது. கம்பியைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்தும் காரணம் புலப்படாவிட்டால், கடையின் உதவியை நாடுவதில் வெட்கமில்லை. அப்போதும், எவற்றைச் சோதித்தோம் என்ற குறிப்பு நம் கையில் இருந்தால், கடைக்காரரின் வேலை எளிதாகும். தேவையற்ற பாகத்தை வாங்கும் நிலையும் நமக்கு வராது.

நேரம் வீணாகிறது என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மறுநாள் காலை அந்த மாணவன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, தந்தையின் துணையோடு மீண்டும் தொடங்கினான். ஒவ்வொரு சோதனையையும் அதன் விளைவையும் எழுதினான். முன்புற விசையின் கம்பி, முந்தைய இரவின் பதற்றத்தில் தவறான ஊசிகளில் செருகப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தான். அதைச் சரிசெய்ததும் காற்றாடிகள் சுழன்றன. திரை இன்னும் இருண்டே இருந்தது. தாய்ப்பலகையில் நினைவகத்திற்கான சிறு விளக்கு எரிவதைத் தந்தைதான் முதலில் பார்த்தார். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து மீண்டும் பொருத்தி அழுத்தியபோது ‘டக்’கென்று ஓசை கேட்டது. அதன் பிறகு திரை ஒளிர்ந்தது. ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை. பழுதில்லாத பொருளைப் பழுது என்று சொல்லிக் கடைக்காரர்மீது பழி போடும் தவற்றிலிருந்தும் அவன் தப்பினான்.

ஆகவே, பிள்ளைகள் உருவாக்கிய பொருள் இயங்காதபோது அவர்களைக் கடிந்துகொள்வதை விடுத்து, தேடுவதற்கு ஒரு நாள் அவகாசம் கொடுப்போம். அருகில் அமர்ந்து, “அடுத்து எதைப் பார்க்கப் போகிறாய்?” என்று மட்டும் கேட்போம். மாணவர்களும் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் குறிப்பேட்டை எடுக்கப் பழக வேண்டும்.