போலோன்யா குறிப்புகள் - 23: மண்ணுல கத்துக்கிட்டு தார்ல ஓட்டுறவங்க

போன ஞாயித்துக்கிழமை பதிவு வரலையேன்னு ரெண்டு பேர் மெயில் அனுப்பிக் கேட்டிருந்தீங்க. ரெண்டே பேருதான். இருந்தாலும் கேட்டீங்களே, அந்த மனசு போதும் :-) அன்னிக்கு முழுக்க நான் ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசல்ல உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் இல்லை. கூடத் தங்கியிருக்கிற இத்தாலிக்காரப் பையனுக்குக் காலர் எலும்பு உடைஞ்சு போச்சு.

இவனைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன். நான் ஸ்பகெட்டியை ரெண்டா உடைச்சுப் போட்டு வேகவெச்சதுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்தானே, அவனேதான். உள்ளூர் அளவுல தார் டிராக் பந்தயம் ஓட்டுறான். சனி, ஞாயிறு ஆனா மோட்டோகிராஸ் பைக்கைத் தூக்கிக்கிட்டு மண் டிராக்குக்குக் கிளம்பிடுவான். "நீயும் வந்து பாரு"ன்னு கூப்பிட்டான், போனேன். நாலாவது சுத்துல ஒரு மேட்டுல இருந்து எகிறினவன் இறங்கும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத் தடத்துல மாட்டிக்கிச்சு. பைக் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். எழுந்து நின்னான், ஆனா ஒரு தோள் மட்டும் கீழே இறங்கியிருந்தது. பார்த்த எனக்குத்தான் மயக்கம் வந்துச்சு.

அவங்க அம்மா ரிமினி பக்கத்துல இருந்து கார் ஓட்டிக்கிட்டு வந்து சேர்ந்தாங்க. பைக்கைத் திட்டுவாங்க, அழுவாங்கன்னு எதிர்பார்த்தேன். டாக்டர்கிட்ட அவங்க கேட்டது ஒரே கேள்வி: "மறுபடி எத்தனை வாரத்துல ஓட்டலாம்?" அவ்வ்வ்! அந்தப் பக்கத்து ஊர்கள்ல பைக்குன்னா நமக்கு கிரிக்கெட் மாதிரி. வாலண்டினோ ரோஸி வளர்ந்த தவுல்லியா அங்கேதான், மிஸானோ டிராக்கும் அங்கேதான்.

ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தா, கோயமுத்தூர்ல இருந்து சித்தி போன். சித்தி பையன் ரெண்டு வருஷமா செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேல புதுசா ஓட்டுறவங்க பிரிவுல ஓட்டுறான். இப்போ பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் யாரோ தோப்புக்குள்ள மண் டிராக் போட்டிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை ஆனா அங்கே போகணும், பழைய மண் பைக் ஒண்ணு வாங்கணும், அண்ணன் பாதிக் காசு அனுப்பட்டும்னு நிக்கிறானாம். "நீ சொன்னாத்தான் சாமி கேப்பான். வேண்டாம்னு சொல்லிப்போடு"ன்னாங்க சித்தி. அன்னிக்குப் பார்த்த தோளை நினைச்சா, அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரலை.

சரி, மேட்டருக்கு வருவோம். தார் ரோட்டுல ஓட்டி சம்பாதிக்கிறவங்க எதுக்கு மண்ணுல போய் விழணும்?

முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது. மோட்டோஜிபி ஓட்டுநர் தன் பந்தய பைக்கை நினைச்சப்போ எடுத்து ஓட்ட முடியாது. டெஸ்ட் நாட்களுக்குக் கணக்கு உண்டு. வயலின்காரர் வீட்டுல வயலினைத் தொடக்கூடாது, கச்சேரி மேடையில மட்டும் வாசின்னு சொன்ன மாதிரி. தார் டிராக்கை வாடகைக்கு எடுத்து வேற பைக்குல பழகவும் செலவு அதிகம். மண் டிராக்குக்குச் செலவு கம்மி, நாள் முழுக்க ஓட்டலாம். பந்தயம் முக்கால் மணி நேரம் நடக்கும். அதுக்கு வேண்டிய மூச்சையும் கை பலத்தையும் ஜிம்முல முழுசா வாங்க முடியாது. மண்ணுல இருபது நிமிஷம் பைக்கோட மல்லுக்கட்டினா தெரியும்.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். தார்ல டயர் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வந்து சட்டுன்னு விட்டுடும். பின்சக்கரம் வழுக்கும்போது பயந்து ஆக்சிலேட்டரை டப்புனு மூடினா, டயர் திடீர்னு மறுபடி பிடிக்கும். பைக் துள்ளி ஆளை மேலே தூக்கி எறியும். ஹைசைடுன்னு சொல்றது இதைத்தான். 2023ல முஜெல்லோவுல பிராட் பிண்டர் 366.1 கி.மீ வேகம் தொட்டார். இந்த மாதிரி பைக்குல "வழுக்கினா என்ன செய்யணும்"னு பழகிப் பார்க்கவா முடியும்?

மண்ணுல பின்சக்கரம் வழுக்குறதுதான் இயல்பே. ஒரு சாயங்காலத்துல நூறு தடவை வழுக்கும். வழுக்குறது ஆபத்து இல்லை, அது ஒரு நிலைமை, அவ்வளவுதான்னு உடம்பு கத்துக்கும். மூடாம, முறுக்காம, அளந்து கொடுக்க மணிக்கட்டு பழகிடும். டிராக்கே சுத்துக்குச் சுத்து மாறும். போன தடவை போன கோட்டுல இந்தத் தடவை பள்ளம் விழுந்திருக்கும். கண்ணு தரையைப் படிக்கப் பழகும். இதெல்லாம் அறுபது, எழுபது கி.மீ வேகத்துல.

இது இன்னிக்கு நேத்து வந்த விஷயம் இல்லை. 1978ல முதல் அமெரிக்க 500 சிசி உலக சாம்பியன் ஆன கென்னி ராபர்ட்ஸ், மண் ஓவல்ல வளர்ந்தவர். பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வளைவுல திருப்புற வித்தையை அவர் தாருக்குக் கொண்டு வந்தார். 2006 சாம்பியன் நிக்கி ஹேடனும் கேஸி ஸ்டோனரும் அதே மண்ணுல இருந்து வந்தவங்கதான். ரோஸி தவுல்லியா பக்கம் தன் சொந்த நிலத்துலேயே மண் டிராக் போட்டு பான்யாயா, மொர்பிதெல்லி, பெஸ்ஸெக்கினு ஒரு தலைமுறையையே அதுல பழக்கிட்டார். 2014 ஜனவரியில மார்க் மார்க்கெஸ், மோட்டோஜிபி உலக சாம்பியனா பார்சிலோனா உள்ளரங்க மண் பந்தயத்துக்குப் போய், அமெரிக்காவோட பிராட் பேக்கர்கிட்ட தோத்தார். அதே வருஷம் டிசம்பர்ல திரும்பப் போய் ஜெயிச்சார்.

இதுவரைக்கும் லாபக் கணக்கு. இனி நஷ்டக் கணக்கு.

2017 ஆகஸ்ட் 31. ரோஸி சாம்பியன்ஷிப்ல முதலிடத்துக்கு 26 புள்ளி பின்னாடி. உர்பினோ பக்கம் எண்டியூரோ பயிற்சியில விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் உடைஞ்சது. சொந்த ஊர்ப் பந்தயமான மிஸானோ போச்சு. மூணு வாரம் கழிச்சு அரகான்ல மூணாவதா தகுதி பெற்று, அஞ்சாவதா முடிச்சார். உலகமே கைதட்டுச்சு. ஆனா சாம்பியன்ஷிப் கனவு அந்தக் காட்டுப் பாதையிலேயே முடிஞ்சிருந்தது. அதே வருஷம் மே மாசமும் மோட்டோகிராஸ்ல விழுந்து நெஞ்சுல, வயித்துல அடி வாங்கியிருந்தார்.

2020 ஜூன்ல, சீசன் தொடங்க மூணு வாரம் இருக்கும்போது, ஆந்த்ரேயா தொவித்ஸியோஸோ ஃபயென்ஸாவுல மோட்டோகிராஸ் ஓட்டி இடது காலர் எலும்பை உடைச்சுக்கிட்டார். பிளேட் வெச்சு ஹெரெஸ்ல மூணாவதா வந்தார்னு வைங்க. 2021 அக்டோபர் கடைசியில மார்க்கெஸ் பயிற்சியில விழுந்தது இதைவிட மோசம். எலும்பு இல்லை, தலையில அடி. பார்க்கிறதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சது. கடைசி ரெண்டு பந்தயமும் போச்சு. 2011ல வந்து ஆபரேஷன் வரைக்கும் போன அதே கண் பிரச்சினை.

சரி, மண்ணையே விட்டுட்டா? 2021 ஜூன்ல அலெக்ஸ் ரின்ஸ், பார்சிலோனா டிராக்குல சைக்கிள் மிதிச்சுக்கிட்டே போனைப் பார்த்து, நின்னுக்கிட்டிருந்த வேன்ல மோதிக் கையை உடைச்சுக்கிட்டார். சிரிப்பு வருதா? 2017 மே மாசம் நிக்கி ஹேடன் இதே ரிமினி பக்கம் சைக்கிள்ல போகும்போது கார் மோதி, அஞ்சு நாள் கழிச்சு இறந்து போனார். மண் டிராக்குல வளர்ந்து, உலகம் பூரா பந்தயம் ஓட்டின மனுஷன்.

இதையெல்லாம் ஒரு வாரமா உட்கார்ந்து யோசிச்சதுல எனக்குத் தோணினது இதுதான். "மண்ணுல ஓட்டலாமா வேண்டாமா"ங்கிற கேள்வியே தப்பு. மண்ணுன்னா ஒரே மண்ணு இல்லை. தட்டையான ஓவல்ல சின்ன பைக்கை வழுக்கவிட்டுப் பழகுறது ஒண்ணு. எகிறிக் குதிக்கிற மோட்டோகிராஸ் இன்னொண்ணு. காட்டுக்குள்ள போற எண்டியூரோ மூணாவது. நான் மேலே சொன்ன வழுக்கல் பாடம் பெரும்பாலும் முதல் ரகத்துலேயே கிடைச்சிடும். அங்கேயும் எலும்பு உடையும், மார்க்கெஸ் 2015ல இடது கை சுண்டுவிரலை உடைச்சுக்கிட்டது தட்டை மண்ணுலதான். அப்புறம் எட்டே நாள்ல ஹெரெஸ்ல ரெண்டாவதா வந்தார். ஆனா அதுக்காக அதை விளையாட்டா எடுத்துக்கவும் முடியாது. அந்த பிராட் பேக்கர் 2018ல ஒரு தட்டை மண் போட்டிக்கான பயிற்சியில விழுந்து தண்டுவடத்துல அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்துட்டார். மார்க்கெஸையே ஜெயிச்சவர்.

இன்னொண்ணும் இருக்கு. மோட்டோஜிபி டிராக்குல விழுந்தா சறுக்கிப் போக இடம் இருக்கு, சரளைக் குழி இருக்கு, 2018ல இருந்து ஏர்பேக் உடை கட்டாயம், ஒரு நிமிஷத்துல டாக்டர் வந்துடுவார். ஞாயித்துக்கிழமை மண் டிராக்குல? நம்ம பையனைத் தூக்கிக்கிட்டு ஓடினது நானும் இன்னொருத்தரும், அவரோட வேன்ல. பெரிய ஆளுங்க அடிபட்டா ராத்திரியே ஆபரேஷன், மூணு வாரத்துல திரும்பி வர்றதுக்கு ஒரு படையே வேலை செய்யும். பொள்ளாச்சி ரோட்டுல நம்ம பையன் பின்னாடி எந்தப் படை இருக்கு? சித்திதான் இருக்காங்க.

புதன்கிழமை அவனுக்குப் போன் போட்டேன். "மண் பைக்குக்கு என்கிட்ட காசு இல்லைடா. நல்ல பூட்ஸும் கழுத்துக் காலரும் நெஞ்சுக் கவசமும் வாங்கித் தரேன். தட்டை டிராக்குல மட்டும் ஓட்டு, மேடு ஏறிக் குதிக்காதே. தனியா போகாதே, கார் வெச்சிருக்கிற ஒருத்தன் கூட இருக்கணும். பந்தயத்துக்கு ஒரு மாசம் முன்னாடி மண்ணைத் தொடாதே"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிங்ண்ணா. ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லோணும்"னான்.

இன்னும் சொல்லலை. சித்தி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, வகுப்புல இருக்கேன்னு பொய் சொல்லிட்டேன். பக்கத்து ரூம்ல கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு ஒருத்தன் பைக் வீடியோ பார்த்துக்கிட்டிருக்கான். நான் செஞ்சது சரியா, இல்ல அன்னிக்கே வேண்டாம்னு முடிச்சிருக்கணுமா? வீட்டுல பைக் ஓட்டுற தம்பி, மகன் இருக்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: ஒரு கையால சமைக்க முடியாததால இந்த வாரம் பூரா சமையல் நான்தான். ஸ்பகெட்டியை உடைச்சுத்தான் போடுறேன். அவனால ஒண்ணும் செய்ய முடியலை :-)