லேபிளை மறைத்தால் தெரியும் ருசி

1976 மே 24. பாரிஸில் ஒரு ஹோட்டல். பிரெஞ்சு ஒயின் உலகின் ஜாம்பவான்கள் ஒன்பது பேர் நடுவர் நாற்காலிகளில். அழைத்தவர் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி. சிவப்பு ஒயின் வரிசையில் பிரான்ஸின் போர்டோ பகுதியிலிருந்து நான்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து ஆறு. எது எந்த ஊர்ச் சரக்கு என்பது மட்டும் நடுவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஒயின் என்றால் பிரான்ஸ்தான் என்று உலகம் நம்பிய காலம் அது. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தால், முதலிடம் கலிஃபோர்னியாவின் 'ஸ்டாக்ஸ் லீப்' 1973க்கு! புகழ்பெற்ற 'மூத்தோன் ரோத்ஷீல்ட்' 1970 இரண்டாமிடம்தான். ஆத்திரமடைந்த நடுவர் ஒடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. பிரெஞ்சு ஒயின் வயதாக ஆகத்தான் மெருகேறும் என்று சமாதானம் சொன்னார்கள். 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி ருசித்தபோது முதல் ஐந்து இடங்களையும் கலிஃபோர்னியாவே அள்ளிக்கொண்டது.

நிபுணர்களின் நாக்கில் குறையில்லை. லேபிள் தெரியாதபோது அது நேர்மையாகத்தான் வேலை செய்தது. ஏமாற்றுவது பெரும்பாலும் கண். போர்டோவில் ஃப்ரெடெரிக் ப்ரோஷே என்ற ஆய்வாளர் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார். சிவப்பு ஒயினுக்கே உரிய வார்த்தைகளால் அதை வர்ணித்தார்கள் அவர்கள். 2001இல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் கனமான சிவப்பு ஒயினை எப்படி எடை போடுவது? 'கனம்' என்பது வாய்க்குள் உணரும் அடர்த்தி. நீர்மோருக்கும் கெட்டி மோருக்கும் உள்ள வித்தியாசம் போல. கபர்னே சாவினோன் போன்ற தடித்த தோல் திராட்சையிலிருந்து வருவது நிறமும் துவர்ப்பும்; பழத்தின் சர்க்கரை புளித்து ஆல்கஹாலாக மாறும்போது கூடுவது கனம். பால் சேர்க்காத கடுந்தேநீர் ஈறுகளை இழுத்துப் பிடிக்குமே, அதே துவர்ப்புதான் டானின்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. மெல்லச் சுழற்றினால் மணம் எழும். புத்தகங்கள் 'பிளாக்கரன்ட்' என்று எழுதியிருக்கும். அந்தப் பழத்தையே பார்த்திராதவருக்கு நாவல்பழமும் கிராம்பும் நினைவுக்கு வந்தால் அதில் தப்பில்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்க வேண்டும். அதன்பின் ருசி எத்தனை விநாடி தங்குகிறது என்பதுதான் முக்கியம். கனமிருந்தும் சட்டென்று மறைந்துவிட்டால் வெறும் பலசாலி. புளிப்பும் துவர்ப்பும் பழச்சுவையும் சேர்ந்து நீடித்தால் நல்ல ஒயின்.

இந்தியாவில் கூடுதலாக ஒரு சிக்கல். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கானது. சுமார் 16 முதல் 18 டிகிரி. மும்பையின் 30 டிகிரியில் அதே ஒயினின் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, பழ மணத்தை அமுக்கிவிடும். முக்கால் மணி நேரம் ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுத்தால் போதும். சுமாரான ஒயின் என்று ஒதுக்கப்படும் பல பாட்டில்களின் குற்றம் வெறும் சூடுதான்.

இன்று நாசிக்கிலும் நந்தி மலை அருகிலும் கபர்னே, ஷிராஸ் திராட்சைகள் விளைகின்றன. ஆனாலும் விருந்துகளில் விலையைக் கேட்டபின் தலையாட்டுபவர்களே அதிகம். தனக்குப் பிடித்ததைச் சொல்லக் கூச்சம். பிடிக்காததைச் சொல்ல பயம். இதற்கு மருந்து சுலபம். ஒரு நாசிக் பாட்டில், ஒரு வெளிநாட்டு பாட்டில். இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிட்டு, நண்பர்களை மதிப்பெண் எழுதச் சொல்லலாம். காகிதத்தைப் பிரிப்பது கடைசியில். தாளைத் திருப்பிக் கேட்பவருக்குத் தரக் கூடாது.