நீங்கள் கேட்டவை: நோயிலிருந்து மீண்டவர் துணைக்கு வரலாமா?

“என் தம்பிக்கு 28 வயது. மனச்சிதைவு நோய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, ஒரு வருடமாகத் தேறி வருகிறான். வீட்டில் உள்ள இரண்டு மாடுகளையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து மாதம் இரண்டு முறை ஒருவர் வந்து அவனோடு பேசிவிட்டுப் போகிறார். அவரும் முன்பு இதே நோயில் இருந்தவராம். ‘நோயாளிக்கு நோயாளி வைத்தியமா?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

அப்படிச் சொல்லிவிடாதீர்கள், சகோதரி. அவர் வைத்தியம் பார்க்க வரவில்லை, துணைக்கு வருகிறார். மனநலப் பணியில் இவர்களை ‘சக ஆதரவாளர்’ என்கிறார்கள். நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு வந்தால் வேளாண் அலுவலரிடம் கேட்கிறோம். அதே புழுவைத் தன் வயலில் சமாளித்த முன்னோடி விவசாயியிடமும் கேட்கிறோம். இரண்டும் வேண்டியிருக்கிறது.

இது புதிய யோசனையும் இல்லை. 1793-ல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில், நோயிலிருந்து தேறியவர்களையே மனநோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் நோயாளிகளிடம் கடுமை காட்டமாட்டார்கள் என்பதுதான் காரணம். நம் நாட்டில் 2014-ல் குஜராத் அரசு மனநல மையங்களில் தொடங்கிய ஒரு திட்டத்தில், மீண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் துணைக்கு அமர்த்தினார்கள். சென்னையில் 1993-ல் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பிலும், நோயை அனுபவித்தவர்கள் பணியாளர்களாக இருக்கிறார்கள்.

இவர்களால் என்ன பயன்? மாத்திரை சாப்பிடும் பலருக்குத் தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுதல், கை நடுக்கம் வரலாம். விடிகாலையில் எழுந்து பால் கறக்க முடியவில்லை என்று, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பிவிடும். மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் இந்த விஷயத்தை, அதே கஷ்டத்தைப் பட்டவரிடம் சொல்வார்கள். ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது. நிறுத்தாதே, டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேட்போம்’ என்று அவர் சொன்னால் அது மனதில் ஏறும். திருவிழாவுக்குப் போவது, திருமணப் பேச்சு, ஊராரின் கேலி என எல்லாவற்றையும் அவரிடம் பேசலாம்.

அதே நேரத்தில், இதை மருந்துக்கு மாற்றாக நினைக்கக் கூடாது. சக ஆதரவால் நம்பிக்கையும், தன் வாழ்க்கையைத் தானே நடத்த முடியும் என்ற தைரியமும் ஓரளவு கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நோயின் அறிகுறிகள் பெரிதாகக் குறைவதாகச் சொல்லவில்லை. எனவே, வருகிறவரிடம் இவற்றைக் கவனியுங்கள்:

* எந்த அமைப்பு அனுப்புகிறது, யார் மேற்பார்வை செய்கிறார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

* மாத்திரையைக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ சொல்லக் கூடாது.

* தம்பி சொன்னதை ஊரில் பேசக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் குடும்பத்திடமும் மருத்துவரிடமும் சொல்லலாம்.

* உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

* உங்கள் தம்பிக்கு அவர் வருவது பிடித்திருக்க வேண்டும். இதை உறவினர்களிடம் கேட்பதைவிடத் தம்பியிடமே கேளுங்கள்.

தூக்கம் குறைவது, தனியாகப் பேசுவது, சாப்பாட்டில் சந்தேகப்படுவது போன்றவை தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாகப்போவதாகப் பேசினால் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள பூச்சிக்கொல்லியை உடனே அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

“கடன் சுமையில் மனச்சோர்வு வந்து, சிகிச்சை எடுத்து மீண்ட விவசாயி நான். என்னைப் போல இருப்பவர்களுக்கு உதவ ஆசை. என்ன செய்ய வேண்டும்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

நல்ல எண்ணம். முதலில் உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் இருப்பார்கள். பயிற்சி தரும் தொண்டு நிறுவனங்கள் உங்கள் பகுதியில் உண்டா என்று அவர்களிடம் கேளுங்கள்.

பயிற்சி அவசியம். அறிவுரை சொல்வதைவிடக் காதுகொடுத்துக் கேட்பதுதான் இந்த வேலையில் கடினம். உங்கள் கடனும் நோயும் எப்படித் தீர்ந்தன என்பது உங்கள் கதை. அடுத்தவருக்கு வழி வேறாக இருக்கலாம். உங்கள் கதையில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பது உங்கள் உரிமை. ஒருவரின் துயரத்தைக் கேட்டபிறகு உங்களுக்குத் தூக்கம் கெட்டால், சில வாரம் ஓய்வெடுங்கள். சாகுபடி வேலை நெருக்கும் காலத்திலும் அப்படியே.

ஒரு நிறுவனத்தில் சேர்ந்து தொடர்ந்து வேலை செய்தால், ஊதியமும் பயணச் செலவும் கேட்கத் தயங்காதீர்கள். நீங்கள் அனுபவித்து அறிந்ததும் ஒரு தகுதிதான். அதுவரை, தனியாக மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் ஒருவருடன் பேருந்தில் கூடச் சென்று, சீட்டு வாங்கும் வரிசையில் நின்றாலே பெரிய உதவி.

(மனநலம் குறித்த கேள்விகளையும் எழுதி அனுப்பலாம். பெயர் வேண்டாம் என்று குறிப்பிட்டால் வெளியிட மாட்டோம்.)