மாறாததை ஏன் கொட்டுறம்?

'தாக்கம் முடிந்தாலும் நொதியம் மாறாது.' ஏ.எல் உயிரியலுக்கு நாங்கள் எல்லாரும் பாடமாக்கிய வரி. மாறாததை ஏன் ஒவ்வொரு தரமும் கொட்டுறம் எண்டு வகுப்பில ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்களும்தான்.

காரணம் சின்னது. தண்ணியில் கரைந்த நொதியத்தைத் திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதையே ஒரு திண்மத்தில் ஒட்டிவிட்டால் வடித்தெடுத்து மறுபடி பாவிக்கலாம். 1916இல் நெல்சனும் கிரிஃபினும் கரியில் ஒட்டிய இன்வேர்ட்டேசு அப்போதும் சீனியை உடைப்பதைக் கண்டார்கள். வெறும் கரி! 1969இல் ஜப்பானின் தனாபே நிறுவனம் ஒட்டிய நொதியத்தைக் கொண்டு அமினோ அமிலத்தைத் தொழிற்சாலை அளவிலேயே பிரித்தெடுக்கத் தொடங்கியது. இன்று பெனிசிலினிலிருந்து வேறு நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கான மூலப்பொருளை வெட்டியெடுப்பதும் இப்படித்தான்.

நாங்களோ சிரட்டைக் கரியை ஏற்றுமதி செய்யிற நாட்டில் இருந்துகொண்டு இதை வெறும் குறிப்பாக எழுதிப் பாடமாக்குறம். ஒட்டினது மெல்லக் கழன்றுபோகும், வேகமும் குறையலாம். சரி, அதையும் பிள்ளைகளே அளக்கட்டும். ரீச்சர்மாரிடம் கேட்பது ஒரேயொரு செய்முறைப் பாடவேளைதான். பப்பாசிக்காய்ப் பாலில் ஊறிய கரி (கையுறை போடுங்கோ, தோல் எரியும்), நல்லாக் கழுவினபிறகும் பசுப்பாலைத் திரளவைக்குமா? வைத்தால், எத்தனை தரம்?