பாட்டுக்கு மறுமொழி எழுதிய பிள்ளைகள்

வியாசம் எழுதும் வகுப்பென்றால் முகம் வாடும் மாணாக்கருக்கு உற்சாகம் ஊட்டுவதற்குச் சங்கீதத்தையும் சலனப்படத்தையும் துணைக்கு அழைக்க வேண்டும் என்ற யோசனை இப்போது உபாத்தியாயர்களிடையே பரவலாகப் பேசப்படுகிறது. யோசனையில் தவறில்லை. ஆனால் கஷாயத்துக்கு முன்னே நாவில் தடவும் தேனைப் போலப் பாட்டொன்றை ஒலிக்கவிட்டு, அது ஓய்ந்ததும் 'மழைக்காலம்', 'எனது பாடசாலை' என்று பழைய தலைப்பையே பலகையில் எழுதிப் போட்டால், பாட்டு நினைவில் நிற்கும். வியாசம் நாலாவது வரியோடு நின்றுவிடும்.

இதைவிடத் துணிவான பரீக்ஷை ஒன்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மனியில் நடந்திருக்கிறது. ஜப்பானிய நோ நாடகமாகிய 'தானிகோ'வை எலிசபெத் ஹௌப்ட்மான் ஜெர்மன் மொழியில் தர, அதைத் தழுவி பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்து, மாணவர்களே பாடி நடிக்கும்படி ஆக்கிய 'டெர் யாசாகர்', அதாவது 'ஆமென்றவன்', 1930-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி பெர்லினில் அரங்கேறி, வானொலியிலும் ஒலித்தது. நோயுற்ற தாய்க்கு மருந்து தேடி ஆசிரியரோடு மலைப் பிரயாணம் புறப்பட்ட சிறுவன் வழியில் தானே நோயில் விழுகிறான்; அவனுக்காகக் கூட்டம் திரும்ப வேண்டுமா என்று அவனையே கேட்பதும், அவன் வேண்டாமென்று இசைவதும், பின்பு அவனைப் பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டுப் போவதும் பூர்வீக வழக்கம். சிறுவன் இசைகிறான்.

இந்தச் சங்கீத நாடகத்தை பெர்லின் நொய்கெல்ன் பகுதியில் ஃப்ரிட்ஸ் கார்சன் தலைமை வகித்த கார்ல் மார்க்ஸ் பாடசாலையின் மாணவரிடம் பிரெக்ட் விவாதத்துக்கு விட்டார். பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கலைந்துபோகவில்லை. பழைய வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவன் சாகத்தான் வேண்டுமா என்று அவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த அபிப்பிராயங்கள் குறிப்பாக எழுதப்பட்டு, பின்னர் நாடகத்தோடு அச்சிலும் ஏறின. அவற்றைப் படித்த நாடகாசிரியர், ஊர் முழுவதும் கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கதையை மாற்றியதோடு நில்லாமல், சிறுவன் மறுத்து, ஒவ்வொரு புதிய நிலைமையிலும் புதிதாகச் சிந்திப்பதே இனி வழக்கமாகட்டும் என்று கேட்கும் 'டெர் நைன்சாகர்', 'இல்லையென்றவன்' என்ற இன்னொரு நாடகத்தையும் எழுதினார். அந்த இரண்டாவது நாடகத்துக்கு வைல் இசையமைக்கவில்லை. அதற்குள் சங்கீதம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1933-இல் நாஜிகள் அதிகாரத்துக்கு வந்ததும் கார்சன் பதவி இழந்தார். பிரெக்டும் வைலும் நாட்டை விட்டே வெளியேறினார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் தூண்டியது வெறும் இனிமையன்று. ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றை இனிமையாகப் பாடக் கேட்டதால் நெஞ்சில் எழுந்த கலக்கமும், தாம் சொல்வதைப் படித்து ஒருவர் தம் எழுத்தையே திருத்திக்கொள்வார் என்ற நிச்சயமுமே ஆகும். நம் வகுப்புகளில் பாட்டுக்கும் படத்துக்கும் பஞ்சமில்லை. பிள்ளையின் எழுத்தைப் படித்துவிட்டு மாறக்கூடியவர்தாம் அரியர். சிவப்பு மையோடு காத்திருப்பவர் அவ்வளவு அரியரல்லர்.

ஜெர்மனியில் குடியேறிய ஈழத்தமிழர் வார இறுதிகளில் நடத்தும் தமிழாலயங்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். வீட்டில் தமிழ் பேசியும் ஏட்டில் எழுதத் தயங்கும் பிள்ளைகள் முன்னே கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் இருக்கின்றன, எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்த 1942-ஆம் ஆண்டின் ஜெமினி திரைப்படம் இருக்கிறது. சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தன் முன்னே நாற்பது வேலி நிலத்தின் வேலையைத் தடையாக வைக்கும் வேதியரையும், தில்லை எல்லையில் மூட்டப்பட்ட நெருப்பையும் காட்டி, அவன் அதனுள் இறங்கும் முன்பே படக்கருவியை அணைத்துவிட வேண்டும். நெருப்பை மூட்டச் சொன்னது யார், நந்தன் ஏன் இசைந்தான், மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டு, உபாத்தியாயர் மௌனமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் ஜெர்மன் மொழியிலேயே வாதாடினாலும் குற்றமில்லை. சொல்ல வேண்டியது முட்டிக்கொண்டு வரும்போது தமிழ்ச் சொல்லை அவர்களே வந்து கேட்பார்கள்.

பக்தி விஷயத்தில் பிள்ளைகளைக் குதர்க்கம் பேச விடலாமா என்று பெரியோர் சிலர் வருந்தக்கூடும். ஆனால் நந்தன் கதைக்குப் 'புதிய நந்தன்' எழுதி மறுமொழி சொன்ன புதுமைப்பித்தனை நாம் தமிழிலிருந்து தள்ளிவைத்துவிடவில்லை. அதே சலுகையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் கொடுத்து, ஆண்டு விழா மேடையில் கீர்த்தனை முடிந்த கையோடு அவன் எழுதிய ஆட்சேபத்தையும் அவன் குரலிலேயே படிக்கச் செய்து, அடுத்த ஆண்டு நாடகத்தின் முடிவை அந்த வகுப்பாரே எழுதித் தரட்டும் என்று விழாக் குழுவினர் அறிவித்துவிட வேண்டும்.